விறாந்தையில் படித்த ஏழாம் வகுப்பு

போன ஆவணியில் நமது பள்ளிக்கூடத்தின் புதிய மாடிக் கட்டடத்தைத் திறந்தபோது பழைய மாணவர் என்று நம்மையும் கூப்பிட்டிருந்தார்கள். விழா முடிந்து, மரத்துக்குக் கீழே நின்று கேக்கும் பிளேன்ரீயும் கையில் வைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தோம். அப்போது உங்களில் ஒருத்தி என் தோளைத் தட்டிக் கேட்டாள்: "நீ எங்களோட ஆறாம் வகுப்பில இருந்தனீதானே. பிறகு பாத்தா எட்டாம் வகுப்பில நிக்கிறாய். ஏழு எங்க போனது?"

எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு வேறு கதைக்கு மாறினேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. நாமும் பெரிய ஆட்களாகிவிட்டோம். நம்மில் சிலருடைய பிள்ளைகள் இப்போது பாலர் பள்ளிக்கூடம் போகிறார்கள். இனியாவது ஒழுங்காகப் பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். ஏழாம் வகுப்பு எங்கும் போகவில்லை. நீங்கள் எல்லாரும் உள்ளே இருந்த நேரத்தில், நான் அதை வெளியே விறாந்தையில் இருந்து படித்தேன்.

அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது புதுத் தகரத்தின் மணம்தான். சண்டை முடிந்து, கண்ணிவெடி எடுத்து, ஊரைத் திறந்துவிட்ட காலம். கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் ஓரமாக வெள்ளைத் தகரக் கூரைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. வெயில் ஏற ஏற தகரம் சூடாகி ஒரு மணம் வரும். அதோடு வெட்டிய பற்றைகளை எரிக்கும் புகையும் சேர்ந்துகொள்ளும். ஆட்கள் எல்லாத் திசையிலிருந்தும் வந்தார்கள். வன்னி முகாம்களிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம். ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, இருபது வருடத்துக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் இன்னொரு பக்கம். எங்களைப் போல இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம்.

அப்பாவின் ஊர் இதுதான். வயல்காரக் குடும்பம், சைவம். அவர் பொடியனாக இருந்தபோதே படகில் அக்கரைக்கு, தமிழ்நாட்டுக்குப் போனவர். அம்மா மன்னார்த் தீவுக் கரையில் கடற்தொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவளையும் சின்ன வயதில் படகில்தான் கொண்டுபோனார்கள். இருவரும் அங்கே முகாமில் கண்டு பழகிக் கலியாணம் கட்டினார்கள். நான் பிறந்ததும் அந்த முகாமில்தான். வெள்ளிக்கிழமை அப்பாவோடு பிள்ளையார் கோயில், ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஓலைக் கொட்டில் தேவாலயம். நெற்றியில் திருநீறும் கழுத்தில் சிலுவைச் சங்கிலியுமாகப் படம் எடுத்திருக்கிறேன். அங்கே அதை யாரும் ஒரு விசயமாகப் பார்த்ததில்லை. அங்கத்தைய பள்ளிக்கூடத்தில் சமயம் என்று ஒரு பாடமே கிடையாது.

திரும்பி வரும்போது விமானத்தில் இவ்வளவு பாரம்தான் கொண்டுவரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா பிறஷர் குக்கரை விட மாட்டேன் என்றாள். என்னுடைய புத்தகங்களை விட்டுவிட்டு வரும்படி அப்பா சொன்னார். நான் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும் அறிவியல் புத்தகத்தையும் பாய்க்குள் வைத்துச் சுருட்டிவிட்டேன். அந்த இரண்டையும் சில வருடம் கழித்துக் கறையான் தின்றுவிட்டது. இன்று ஒரு பக்கம்கூட இல்லை. குக்கர் இன்னும் அம்மாவிடம் இருக்கிறது.

வந்து இறங்கியது மாமியின் வளவில். மாமி அப்பாவின் அக்கா, கடைசிவரை நாட்டிலேயே இருந்தவர். சண்டையின் முடிவுக் காலத்தில் கணவனையும் ஒரே மகனையும் பறிகொடுத்துவிட்டு, ஒரு பையோடு தனியாக ஊருக்குத் திரும்பியிருந்தார். அவருக்குக் கொடுத்த தகரக் கொட்டிலின் பாதியை எங்களுக்கு விட்டார். வயலோரம் ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தது. விடியற்காலையில் பற்றைக்குள்ளால் நடந்துபோய் அதற்கு விளக்கு வைத்துவிட்டு வருவார். அதிகம் பேச மாட்டார். பேசினால் அது முடிவான பேச்சாக இருக்கும். எனக்கு அவரைக் கண்டால் பயம்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா கூட்டிக்கொண்டு போனார். அப்போது அங்கே இருந்தது ஒரு பழைய ஓட்டுக் கட்டடமும் அதன் விறாந்தையும் இரண்டு தகரக் கொட்டில்களும்தான். உப அதிபர் என்னை ஒரு கதிரையில் இருத்தி வாய்மொழியாகச் சில கேள்விகள் கேட்டார். பொ.ம.சி. எப்படிக் காண்பது என்றார். அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. நாம் வெளியே விடும் மூச்சில் என்ன வாயு இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பெயரைச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவரே பொறுமையிழந்து, "காபனீரொட்சைட்டு" என்றார். அதில் எனக்கு விளங்கியது ரொட்டி மட்டும்தான். மூச்சுக்குள் ரொட்டி எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். கடைசியாகச் சிங்களப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அந்த வட்டம் வட்டமான எழுத்துகளை நான் அன்றுதான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

உப அதிபர் கெட்டவர் இல்லை. பரிவாகத்தான் அப்பாவிடம் சொன்னார்: "முகாமில என்னத்தைப் படிச்சிருக்கப் போகுது பிள்ளை. ஆறில விடுவம். மெல்ல மெல்லப் பிடிக்கட்டும்."

அப்பா தலையாட்டினார். அங்கே நான் வகுப்பில் முதலாவதாக வந்தவள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுப் படிப்புக்கு முன்னால் அங்கத்தைய படிப்பு ஒன்றும் பெறாதாக்கும் என்று அவர் நினைத்தாராம். இதைப் பிறகுதான் சொன்னார்.

இப்படித்தான் நான் உங்கள் வகுப்புக்கு வந்தேன். உங்கள் எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக, கடைசி வாங்கில். "டீச்சர்" என்று நான் கூப்பிட்டால் நீங்கள் சிரித்தீர்கள், ஏனென்றால் இங்கே "ரீச்சர்". நோட்டு என்றால் சிரித்தீர்கள், இங்கே கொப்பி; பெஞ்சு என்றாலும் சிரித்தீர்கள், இங்கே வாங்கு. வீட்டில் அம்மா அப்பா பேசிய இந்த ஊர்த் தமிழ் எனக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் என்றதும் வாய் தானாக அங்கத்தைய தமிழுக்குப் போய்விடும். எனக்கு இந்தியாக்காரி என்று பெயர் வைத்தீர்கள். அங்கே இருந்தபோது எங்களைச் சிலோன்காரர் என்றுதான் சொன்னார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் என் தலையை வாரிக்கொண்டே, "ரெண்டு பேரும் பிழையாச் சொல்லயில்ல, விடு" என்றாள்.

சேர்ந்த கிழமையே அந்த மணி அடித்தது. பாடம் மாறுகிற மணிதான். ஆனால் எல்லாரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழும்பினீர்கள். சைவப் பிள்ளைகள் முன் வாங்குகளுக்கு வந்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் பக்கத்துத் தகரக் கொட்டிலுக்கு வரிசையாகப் போனார்கள். நான் கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். நம் வகுப்பு ரீச்சரை உங்களுக்கு நினைவிருக்கும். மன்னாரிலிருந்து பஸ்ஸில் வரும் இளம் பெண், எப்போதும் குடையோடு வருபவர். அவர் என்னைப் பார்த்து, "நீர் எந்தச் சமயம்?" என்று கேட்டார்.

"ரெண்டும்தாங்க டீச்சர்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. ரீச்சருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். என்னை அதிபரிடம் கூட்டிக்கொண்டு போனார். அதிபர் வயதானவர், இரண்டு வருடத்தில் ஓய்வு பெற இருந்தவர். பெற்றோர் எது சொல்கிறார்களோ அதையே பதியலாம், அதுவரை பிள்ளையை ஒன்றிலும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொன்னார். அந்தப் பாட நேரத்தில் விறாந்தையில் காற்றாட இருக்கட்டும் என்றார். அவர் எனக்கு ஒரு சலுகை தந்ததாகத்தான் நினைத்தார்.

எந்தச் சமயம் என்று கேட்டதை மட்டும் வீட்டில் சொன்னபோது மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை நிறுத்தாமலே சொன்னார்: "எங்கட பரம்பரையில வேதம் படிச்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

கிறிஸ்தவச் சமயத்தை எங்கள் பக்கத்தில் வேதம் என்றுதான் சொல்வார்கள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், மச்சாள் சொல்கிறபடியே செய்யலாம் என்றாள். அப்பா அம்மாவின் முதுகைப் பார்த்தார். பிறகு, அதிபரோடு தானே கதைப்பதாகச் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். அன்றைக்கும் போய்க் கதைக்கவில்லை. அதற்குப் பிறகும் கதைக்கவில்லை. அப்பாவுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று அப்போது எனக்குக் கோபம். உயிரோடு மிஞ்சிய ஒரே அக்காவுக்கும், தன்னை நம்பி வந்த மனைவிக்கும் நடுவில் நின்ற ஒருவர் எந்தச் சொல்லைச் சொன்னாலும் ஒரு முகம் வாடும் என்று இப்போது தெரிகிறது. அவர் சொல்லாமல் விட்டதும் ஒரு முடிவுதான். அதற்கான செலவு என் தலையில் விழுந்தது என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். மன்னாருக்குப் போகப் பஸ் சரியில்லை என்பாள். செபமாலையைச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

விறாந்தைக்கு வருகிறேன். நான் அங்கே போன முதல் நாளே வேறொருத்தி சுவரில் சாய்ந்து குந்தியிருந்தாள். உங்களுக்கு அவளை நினைவிருக்கும், வெள்ளை முக்காடு போட்ட புத்தளத்துப் பிள்ளை. அவளும் என்னைப் போல உயரம், என்னைப் போலக் கடைசி வாங்கு. அவர்களின் சொந்தக் காணி கொண்டச்சிப் பக்கம். அது பற்றையாகிக் கிடந்ததால் துப்பரவாக்கும்வரை வாப்பாவின் சொந்தக்காரர் வீட்டில் இங்கே தங்கியிருந்தார்கள். நம் வகுப்பில் முஸ்லிம் பிள்ளை அவள் ஒருத்திதான். இஸ்லாம் படிப்பிக்க ஆசிரியர் இன்னும் வரவில்லை. அதனால் அவளும் காற்றாட விடப்பட்டிருந்தாள்.

நானும் பக்கத்தில் குந்தினேன். உள்ளே தேவாரம் கேட்டது. பக்கத்துக் கொட்டிலில் "அருள் நிறைந்த மரியே" கேட்டது. எனக்கு இரண்டும் பாடமாக வரும். இரண்டையும் மாற்றி மாற்றி வாய்க்குள் முணுமுணுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "ரெண்டும் தெரியுமெண்டா ஏன் வெளிய வந்தீங்க?"

"எதுக்குள்ள போறதுன்னு தெரியல."

"எனக்குப் போக இடமில்ல. உங்களுக்கு ரெண்டு இடம் இருந்தும் போகேலாம இருக்கீங்க" என்று சொல்லி அவள் சிரித்தாள். அந்த ஊரில் யாரும் என்னோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவளுடைய கதையும் அதேமாதிரித்தான். புத்தளத்தில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பின்நேரப் பள்ளிக்கூடம். காலையில் ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போன வகுப்பில், வெயில் சாயும் நேரம் இவர்கள் படிப்பார்கள். நேரம் போதாது என்று கணக்கைத்தான் முதலில் வெட்டுவார்களாம். அதனால் கணக்கு என்றால் அவளுக்குப் பயம். ஆனால் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். அயல்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகியது. அவளையும் வயதுக்குக் கீழேதான் போட்டிருந்தார்கள்.

மறுபடி விறாந்தைக்குப் போன நாளில் நான் என் இந்தியக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோனேன். அவள் தன் பெரியப்பா மகனின் ஏழாம் வகுப்புப் புத்தகங்களைக் கொண்டுவந்தாள். இரண்டையும் பக்கம் பக்கமாக விரித்து வைத்தோம். என் புத்தகத்தில் மீ.சி.ம. என்று ஒரு கணக்கு. அவளுடையதில் பொ.ம.சி. என்று ஒரு கணக்கு. இரண்டிலும் அதே பன்னிரண்டும் பதினெட்டும். விடை முப்பத்தாறு. நான் அந்தப் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். உப அதிபர் கேட்டது எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான். பெயர்தான் வேறு.

பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சமானது. ஒட்சிசன் என்றால் ஆக்சிஜன். ஐதரசன் என்றால் ஹைட்ரஜன். ரொட்டி வந்த வாயு, நான் பாடமாக்கி வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு. அவளுக்கு நான் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். சோற்றுப் பார்சல் சுற்றிவந்த தாளை மடித்து மடித்து அரை, கால், அரைக்கால் என்று காட்டினால் பிடித்துக்கொள்வாள். அவள் எனக்குச் சிங்கள எழுத்துகளை மணலில் ஈர்க்கால் கீறிக் காட்டினாள். முதலில் வாசிக்க வைத்த சொல் அம்மா. அங்கேயும் அம்மாவுக்கு அம்மாதான் என்றதும் எனக்கு அந்த வட்ட எழுத்துகளில் இருந்த பயம் போய்விட்டது.

பங்குனி மழை தொடங்கியதும் நம் வகுப்புக் கொட்டிலின் தகரத்தில் அது விழும் சத்தத்தில் உள்ளே ரீச்சர் சொல்வது உங்களுக்கே கேட்காது. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு மழை விடும்வரை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் விறாந்தைக்கு ஓட்டுக் கூரை. தூவானம் காலில் அடிக்க, சுவரோடு ஒட்டிக்கொண்டு நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம். அப்போது அதைப் படிப்பு என்று நாங்கள் நினைக்கவில்லை. பொழுது போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் என் நாக்கு மெல்ல மாறிவிட்டது. ஒருநாள் என்னை அறியாமல், ஆமாம் என்று சொல்லாமல், "ரீச்சர், ஓம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைக்க ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்காரர் முறை வைத்து வருவார்கள் அல்லவா. எங்கள் முறை வந்த அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாக மாமி வந்தார். குசினிக் கொட்டில் விறாந்தைக்கு நேரே எதிரில். மாமி பெரிய சட்டியில் பருப்பைத் துழாவிக்கொண்டு நின்றபோது அந்த மணி அடித்தது. பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து போனார்கள். நாங்கள் இருவரும் வெளியே வந்து எங்கள் இடத்தில் குந்தினோம்.

மாமி அகப்பையைக் கையில் பிடித்தபடியே எங்களிடம் வந்தார்.

"ஏன் வெளியில இருக்கிறியள்? என்ன பிழை விட்டனியள்?"

"பிழை ஒண்டும் விடேல்ல மாமி. இப்ப சமயப் பாடம்."

மாமி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கொட்டிலைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும், மணலில் கீறியிருந்த எழுத்துகளையும். திரும்பிப் போய்ச் சட்டியைத் துழாவினார். சாப்பாடு பரிமாறும்போது எங்கள் இருவரின் கோப்பைகளிலும் ரின்னில் அடைத்த மீன் துண்டு ஒன்று கூடுதலாக விழுந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அவர் முன்னால் விறுவிறு என்று நடந்தார். இனி ஏச்சு விழும் என்று நான் பயந்துகொண்டே நடந்தேன். முடிவு சொல்லாதவரை பிள்ளை தன்பாட்டுக்கு வகுப்புக்குள்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார் போல. என்னை வெளியே விடுவார்கள் என்று வீட்டில் ஒருவருமே நினைக்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் மறுபடி அந்தச் சுளகுச் சத்தமும் அடுப்பு ஊதும் சத்தமும்தான் பதிலாக வரும் என்று பயம்.

தவணைச் சோதினை நெருங்கியதும் அதிபர் பெற்றோரை வரச்சொல்லிவிட்டார். அப்பாவும் அம்மாவும் போக வெளிக்கிட்டபோது மாமியும் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். அம்மாவின் முகம் கறுத்தது. நால்வரும் வயல் வரம்பால் வரிசையாகப் போனோம்.

அதிபரின் கந்தோர் என்பது பழைய கட்டடத்தில் அலுமாரியால் மறித்த ஒரு மூலை. வகுப்பு ரீச்சரும் உப அதிபரும் இருந்தார்கள். அப்பா கதிரையின் விளிம்பில் இருந்தார். அம்மா இருக்க மாட்டேன் என்று நின்றாள். சமயத்துக்குப் புள்ளி இல்லாமல் றிப்போட் கொடுக்க முடியாது, இன்றைக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று அதிபர் சொன்னார்.

அம்மா முந்திக்கொண்டாள். "சைவம் எண்டு போடுங்கோ சேர்."

"இல்லை" என்றார் மாமி. "தாயின்ர வேதத்தைப் படிக்கட்டும்."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. அம்மா தடுமாறினாள். "மச்சாள், நீங்கள் சொன்னபடிதான்..."

"நான் சொன்னது எனக்காக, பிள்ளை. எனக்குப் பிறகு அந்தப் பிள்ளையாருக்கு ஒரு விளக்கு வைக்க ஆள் வேணுமெண்டு நினைச்சன். என்ர பிள்ளை இருந்தா நான் உன்ர பிள்ளையைக் கேட்டிருக்க மாட்டன்." மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அண்டைக்கு இதுகள் ரெண்டும் வெளியில குந்தியிருந்ததை என்ர கண்ணால கண்டனான். என்ர சொல்லால ஒரு பிள்ளை வகுப்புக்கு வெளியில இருக்கிறதெண்டா எனக்கு அந்தச் சொல் வேண்டாம். உனக்குச் செபம் எல்லாம் பாடம், பக்கத்தில இருந்து சொல்லிக் குடுப்பாய். எனக்குத் தேவாரம் ரெண்டு வரிக்கு மேல வராது."

அம்மா விடவில்லை. சைவமே படிக்கட்டும், இல்லையென்றால் மச்சாளுக்கு மனம் நோகும் என்றாள். மாமி, வேதம்தான் என்றார். இவ்வளவு காலமும் ஒரு சொல் பேசாமல் இருந்த இரண்டு பேரும் அதிபருக்கு முன்னால் நின்று ஒருவருக்காக மற்றவர் வழக்காடினார்கள். அப்பா குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிபர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீர் சொல்லும் பிள்ளை. உமக்கு எது விருப்பம்?"

இவ்வளவு நாளும் யாராவது என்னைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன் போல. யோசிக்காமலே வாயில் வந்தது.

"எதெண்டாலும் எனக்குச் சரி சேர். ரெண்டும் தெரியும். ஆனா நான் ஆறாம் வகுப்பு இல்லை. இந்தியாவில ஏழு முடிச்சிட்டு வந்தனான்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தவணை முழுக்க என்னைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அவர்கள். எல்லாரும் சாமியைப் பற்றித்தான் கவலைப்பட்டிருந்தார்கள். உப அதிபர் சேர் மட்டும் கொஞ்சம் சங்கடத்தோடு, நான் அன்று ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டார். நீங்கள் கேட்டது எனக்கு விளங்கவில்லை என்று சொன்னேன். அப்போது அப்பா தலையை நிமிர்த்தினார். "அங்க இவள்தான் சேர் வகுப்பில முதலாம் பிள்ளை" என்றார்.

ரீச்சர் எழும்பிப் போய் ஏழாம் வகுப்பின் பழைய சோதினைத் தாள்களைக் கொண்டுவந்தார். அலுமாரியோடு ஒட்டிய வாங்கில் இருந்து நான் எழுதினேன். அம்மாவும் மாமியும் பக்கம் பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொ.ம.சி. வந்தது. ரொட்டி வாயுவும் வந்தது. சிங்களத்தில் பாதிதான் எழுதினேன், ஆனால் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன். உப அதிபர் தாளை வாங்கிச் சிவப்புப் பேனையால் சரி போட்டுக்கொண்டே வந்தார். பாதியில் பேனையை மூடிவிட்டு, தன் பக்கம்தான் பிழை என்று அப்பாவிடம் சொன்னார். ஒரு ஆசிரியர் வயல் செய்கிற ஒரு கமக்காரனிடம் அப்படிச் சொல்லி நான் அதற்குப் பிறகும் அதிகம் கண்டதில்லை.

"இதையெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?" என்று ரீச்சர் கேட்டார்.

விறாந்தையில் குந்தியிருந்த அவள் பக்கம் கையைக் காட்டினேன். அவளையும் சோதித்துப் பாருங்கள் என்று சொன்னேன். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். என்னவோ ஏதோ என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். பின்னத்தில் ஒரு கணக்கு விட்டாள், மற்றது சரி. சிங்களத்தில் அவள் எழுதியதை அந்தக் கந்தோரில் யாராலும் திருத்த முடியவில்லை. அடுத்த தவணையிலிருந்து அவளை ஏழில் போடுவது, என்னை எட்டில் போடுவது என்று முடிவானது. எட்டில் போடவில்லையே என்று நான் அவளுக்காகக் கவலைப்பட்டேன். அவளுக்கோ சந்தோசம் தாங்கவில்லை. ஏழில் பெரியப்பா மகள் இருக்கிறாள், மற்றது கணக்கில் ஒரு வருடம் கூடக் கிடைக்கும் என்றாள். அவளுக்காகப் பக்கத்து ஊர் மௌலவி ஒருவரை வாரத்தில் ஒருநாள் வரவழைக்க அதிபர் ஒழுங்கு செய்தார்.

மறு வருடமே அவர்கள் கொண்டச்சிக்குப் போய்விட்டார்கள். இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என்ன படிப்பிக்கிறாள் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். கணக்கு.

புதுத் தவணையில் எட்டாம் வகுப்பில் போய் இருந்தேன். அங்கே எல்லாரும் என் உயரம். சமயப் பாட மணி அடித்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு கத்தோலிக்கப் பிள்ளைகளோடு கொட்டிலுக்குப் போனேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நிம்மதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நடுவாங்கில் இருந்து, முன்னால் இருந்தவளின் பின்னல் நாடாவைப் பார்த்துக்கொண்டு, பாடத்தில் ஒன்றையும் கேட்காமல் முழு நேரமும் சும்மா இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமி குளித்து, திருநீறு பூசி, பையும் கையுமாக வாசலில் நின்றார். மன்னாரில் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்துக் கடையில் தனக்கு நல்ல சுளகு ஒன்று வாங்க வேண்டுமாம். தனியாகப் போக ஏலாதாம். "நீயும் வெளிக்கிடு பிள்ளை" என்று அம்மாவிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை திறப்பதில்லை என்பது அம்மாவுக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். அம்மா பெட்டியைத் திறந்து நல்ல சேலையை எடுத்தாள்.

பஸ் பாலத்தைத் தாண்டியது. இரண்டு பக்கமும் கடல் கலங்கலாக இருந்தது. தேவாலய வாசலில் படுத்திருந்த மன்னார்க் கழுதைகளை விலக்கிக்கொண்டு போனோம். தான் வெளியே நிற்பதாக மாமி சொன்னார். வெயில் ஏறிவிட்டது, உள்ளே வந்து இருங்கள் என்று அம்மா கெஞ்சிக் கூட்டிப் போய்க் கடைசி வாங்கில், மின்விசிறிக்குக் கீழே இருத்தினாள். நாங்கள் முன்னால் போய் முழந்தாளிட்டோம். பூசை முடிந்து திரும்பி வந்து பார்த்தால், நெற்றியில் மூன்று குறி திருநீற்றோடு, பையை மடியில் அணைத்துக்கொண்டு, மாமி சுவரில் சாய்ந்து நல்ல நித்திரை. அம்மா அவர் கையை மெல்லத் தொட்டாள்.

மாமி கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். "முடிஞ்சுதா? சுவாமியார் நல்லாத்தான் கதைச்சார், எனக்குத்தான் ஒண்டும் விளங்கேல்ல" என்றார். எழும்பிச் சேலையை உதறிக்கொண்டு, "வாற கிழமை கொஞ்சம் வெள்ளன வெளிக்கிடுவம். முன்னுக்கும் ஃபான் இருக்குது போல" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல சனம். எப்படியோ அம்மாவுக்கும் மாமிக்கும் பக்கம் பக்கமாக இடம் கிடைத்தது. வீடு வரும்வரை அம்மா மாமியின் வெறும் பையையும் சேர்த்துத் தன் மடியிலேயே வைத்திருந்தாள்.